நாலு டைவ்தான் ஆச்சு, அட்வான்ஸ்டு போலாமா?

ஸ்கூபா டைவிங்ல ஓப்பன் வாட்டர் (முதல் கட்ட கோர்ஸ்) முடிச்சு நாலே டைவ், அதுலயும் சிலிண்டர்ல ஏர் மத்தவங்களுக்கு முன்னாடி தீருது, அந்தமான் ஹேவ்லாக்ல அடுத்த கோர்ஸான அட்வான்ஸ்டு பண்ணலாமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா பண்ணலாம் ப்ரோ, பேருதான் அட்வான்ஸ்டு, இன்ஸ்ட்ரக்டர் கூட அஞ்சு டைவ், அதுல டீப்பும் (ஆழமான டைவ்) நேவிகேஷனும் (தண்ணிக்குள்ள திசை பாத்து போறது) கட்டாயம், மிச்சம் மூணு நம்ம சாய்ஸ், அதுல ஒண்ணு பாயன்சி (மேலயும் போகாம கீழயும் போகாம நிதானமா மிதக்கிறது) எடுத்துடுங்க. எனக்கும் ஏர் இப்படித்தான் பறந்துச்சு, பாத்தா இடுப்பு பெல்ட்ல கட்டுற ஈய வெயிட் ரெண்டு கிலோ கூடுதல், அத சமாளிக்க பிசிடில (மிதக்க உதவுற ஜாக்கெட்) காத்த அடிச்சுட்டு கைய துடுப்பு மாதிரி ஆட்டிட்டே இருந்திருக்கேன் (வீடியோ பாத்துதான் தெரிஞ்சுது, அசிங்கம்). 10 மீட்டர்ல பிரஷர் 2 பார், 30ல 4 பார், அதே மூச்சுக்கு 30ல 10 மீட்டர விட ரெண்டு மடங்கு காத்து போகும், அதனால டீப் டைவ கடைசில வைக்க முடியுமான்னு கேளுங்க. முதல் டைவுக்கு முன்னாடியே வெயிட் செக் (பெல்ட்ல எவ்வளவு வெயிட் வேணும்னு பாக்கறது) பண்ணிக்கோங்க.