குழந்தைகளின் ஆட்டிசத்துக்குத் தன்னெதிர்ப்பு நோய் காரணமாகுமா?

மூன்று வயது மகனுக்கு ஆட்டிசம் என்று உறுதியானபின், ரத்தத்தில் எதிர்ப்பொருள் (கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) பரிசோதனை செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆட்டிசம் உள்ள மகனை வளர்ப்பவள் நான். எனக்குத் தைராய்டைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோயும், அதாவது நோயெதிர்ப்பு ஆற்றல் சொந்த உடலையே தாக்கும் நோயும், உண்டு. அதனால் இந்தக் கேள்வி எனக்கும் உரியது.

ஆட்டிசம் உள்ள எல்லாக் குழந்தைகளிடமும் இல்லாவிட்டாலும், ஒரு பகுதியினரிடம், அதுவும் அவர்கள் பிறப்பதற்கு முன்பே, தன்னெதிர்ப்புக்குப் பங்கு இருந்திருக்கலாம். தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் கருவை அடைவது இயற்கையே. பிறந்த குழந்தையை முதல் சில மாதங்கள் தொற்றிலிருந்து காப்பவை அவைதாம். ஆனால் சில தாய்மாரிடம், கருவின் வளரும் மூளையிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களும் இருக்கின்றன. டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நோயெதிர்ப்பியல் அறிஞர் ஜூடி வான் டி வாட்டர் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தாய்மாரில் சுமார் 23 விழுக்காட்டினரிடம் அத்தகைய எதிர்ப்பொருள்கள் குறிப்பிட்ட சேர்க்கைகளில் காணப்பட்டன. மற்றத் தாய்மாரிடம் அது 1 விழுக்காடு அளவே. அதற்கு முன் 2008இல், ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தாய்மாரிடமிருந்து எடுத்த எதிர்ப்பொருள்களைக் கருவுற்ற ரீசஸ் குரங்குகளுக்குச் செலுத்தியபோது, பிறந்த குட்டிகள் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தன.

இவை வலுவான தடயங்கள்தாம். ஆயினும் 2013 ஆய்வில் தாய்மாரின் ரத்தம் பிரசவமாகிச் சில ஆண்டுகள் கழித்தே எடுக்கப்பட்டது. முக்கால்வாசிக்கும் மேற்பட்ட தாய்மாரிடம் அச்சேர்க்கைகள் இல்லை. 2009இல் வெளியான டென்மார்க் பதிவேட்டு ஆய்வு தன்னெதிர்ப்பு நோய்களான, தாயின் மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்தையும் கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயையும் ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தியது என்றாலும், அந்நோயுள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோரின் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் இல்லை. என் நோய்தான் மகனைப் பாதித்ததோ என்று இரவெல்லாம் தவித்த எனக்கு இந்த உண்மை பெரிய ஆறுதல். உங்கள் மனைவிக்கும் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

பரிசோதனையைப் பொறுத்தவரை, ஆட்டிசத்தைக் கண்டறிவது குழந்தையின் நடத்தையையும் வளர்ச்சியையும் கவனித்துத்தானே தவிர, ரத்தத்தை வைத்து அல்ல. அறிக்கை எப்படி வந்தாலும் பேச்சுப் பயிற்சியும் செயல்முறைப் பயிற்சியும் மாறப்போவதில்லை. அந்தப் பணத்தை அவற்றுக்கே செலவிடலாம். அறிக்கையைக் காட்டி, நோயெதிர்ப்பை மாற்றும் மருந்துகளான ஸ்டீராய்டோ இம்யூனோகுளோபுலினோ யாராவது பரிந்துரைத்தால், குழந்தை நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் கேட்காமல் இசையாதீர்கள்.

ஒரு விலக்கு உண்டு. நன்றாகப் பேசிய குழந்தை சில நாள்களிலோ வாரங்களிலோ பேச்சை இழந்து, வலிப்பு, தூக்கமின்மை, விசித்திரமான கை, வாய் அசைவுகள் ஆகியவையும் சேர்ந்தால், அது 2007இல் நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவ் குழுவினர் விவரித்த தன்னெதிர்ப்பு மூளையழற்சியாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, தாமதம் கூடாது. உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.