தங்கத்தை அடகு வச்சது யாரு? 1991 பற்றிக் கேள்வி பதில்

வங்கியில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, நாட்டுத் தங்கத்தை அடகு வச்சது சந்திரசேகரா, நரசிம்ம ராவா? டீக்கடையில தினமும் இதே சண்டை.

ரெண்டு பேர் காலத்திலும் தங்கம் போச்சு, ஆனால் ரெண்டும் ஒன்றில்லை. மே மாதம், சந்திரசேகர் காபந்து பிரதமராக இருந்தபோது போனது 20 டன். கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்தது. திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு சுவிஸ் வங்கி ஒன்றுக்கு விற்றார்கள். ஜூலையில், ராவ் ஆட்சியில், ரிசர்வ் வங்கியின் சொந்தத் தங்கம் சுமார் 47 டன் இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளுக்கு ஈடாகப் போனது. கிடைத்தது ஏறக்குறைய 40 கோடி டாலர். அசல் அடகு இதுதான். நடவுக்குக் கம்மலை வச்சு அறுப்பு முடிஞ்சு மீட்கிறோமே, அந்தக் கதை. அந்த வருஷமே கடன் அடைந்தது. சந்திரசேகரை மட்டும் ஏசுவது நியாயமில்லை வே.

தென்காசி: டாலர் கஜானா எப்படி அவ்வளவு வத்திச்சு?

எண்பதுகள் முழுக்கக் கடன் வாங்கிச் செலவு. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்ததும் எண்ணெய் விலை எகிறியது, வளைகுடாவில் வேலை பார்த்த நம்மவர்கள் அனுப்பும் பணம் குறைந்தது. சமாளிக்க முழு பட்ஜெட் வேணும். போட யாருக்குத் தெம்பு? சந்திரசேகர் கையில் அறுபது எம்.பி. வாக்கில்தான். 190க்கு மேல் வைத்திருந்த காங்கிரஸ் வெளியே நின்று தாங்கியது. முழு பட்ஜெட்டுக்கு அது சம்மதிக்கவில்லை. நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா 1991 மார்ச் 4இல், சில மாதச் செலவுக்கு மட்டும் வழிசெய்யும் இடைக்கால பட்ஜெட்டோடு நிறுத்திக்கொண்டார். ராஜீவ் வீட்டை ஹரியானா போலீஸ்காரர் ரெண்டு பேர் வேவு பார்த்ததாகக் காங்கிரஸ் முறுக்கிக்கொள்ள, மார்ச் 6இல் பிரதமர் ராஜினாமா. கவிழப்போகிற அரசுக்கு எந்த வெளிநாட்டுக்காரன் கடன் கொடுப்பான்? ரெண்டு மூணு வார இறக்குமதிக்குக் கூடத் திண்டாட வேண்டிய நிலையில் தேர்தலுக்குப் போனோம்.

களக்காடு: ராவும் சிறுபான்மை அரசுதானே?

ஆமா. ஆனால் இன்னொரு தேர்தலுக்கு யாருக்கும் துணிச்சல் இல்லை. அந்த இடைவெளியில் ஜூலை 1, 3 தேதிகளில் ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள், 24இல் பட்ஜெட். அதில் உர விலையை 40 சதவீதம் ஏற்றிய நிதியமைச்சர் மன்மோகன் சிங், சொந்தக் கட்சிக்காரர்களே மல்லுக்கு நின்றதால் 30க்கு இறங்கினார். ஆத்துப் பாசனக்காரருக்கு அதுவே பெரிய அடி.

வள்ளியூர்: அப்போ ரிசர்வ் வங்கி கவர்னர் நம்ம ஊர்க்காரராமே?

வெங்கிடரமணன். பிறந்தது நாகர்கோவிலில். நெல்லைக் கணக்கில் எழுத எனக்கும் ஆசைதான், குமரிக்காரங்க விடமாட்டாங்க.