கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன்: டிரைவர் எத்தனை வருடம் வரும்?

கேள்வி: குடியாத்தத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். வேலூரில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்ட் ஜிடிஎக்ஸ் 1060 மலிவாகத் தருகிறேன் என்கிறார்கள். புது ஆர்டிஎக்ஸ் 3050-யும் இருக்கிறது. இரண்டும் 6 ஜிபிதான். அடிக்கடி மாற்ற வசதியில்லை. எதை வாங்கலாம்?

பதில்: 3050-ஐ வாங்குங்கள். 1060 இன்றைக்கும் நன்றாக ஓடும் கார்டுதான். ஆனால் அதற்குப் புது டிரைவர், அதாவது கார்டைக் கம்ப்யூட்டரோடு சேர்ந்து வேலை செய்ய வைக்கும் மென்பொருள், வருவது நின்றுவிட்டது.

என்விடியா நிறுவனம் டிரைவரை மாடல் மாடலாக நிறுத்துவதில்லை, ஒரு சிப் தலைமுறையை மொத்தமாக நிறுத்தும். 2012-இல் வந்த கெப்லர் தலைமுறைக்கு 2021-இல் நிறுத்தியது. 1060 பாஸ்கல் தலைமுறை, 2016-இல் வந்தது. அதன் வழக்கமான டிரைவர் 2025 அக்டோபரோடு முடிந்தது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. 3050 இருப்பது 2020-இல் வந்த ஆம்பியர் தலைமுறையில். அதே ஒன்பது வருடக் கணக்கில் பார்த்தால் 2029 வரை கவலையில்லை. இது என் கணிப்பு, நிறுவனம் கொடுத்த வாக்குறுதி அல்ல. 6 ஜிபி 3050 கடைக்கு வந்ததே 2024-இல்தான், ஆனாலும் அதன் வயதை 2020-இலிருந்து எண்ணுங்கள். சீல் பிரிக்காத பெட்டியை நம்பி ஏமாறுவது இங்கேதான். ஜிடி 710 என்ற என்விடியா கார்டைப் புதிதாகவே வாங்கினாலும் உள்ளே இருப்பது கெப்லர்.

எடிட்டிங் செய்பவருக்கு இன்னொரு விஷயமும் முக்கியம். ரெண்டரிங், எஃபெக்ட் எல்லாம் என்விடியா கார்டில் பெரும்பாலும் குடா வழியாகத்தான் ஓடுகின்றன. கனமான கணக்குகளைக் கார்டிடம் கொடுத்துச் செய்ய வைக்கும் என்விடியாவின் மென்பொருள் அது. 2025 ஆகஸ்டில் வந்த குடா 13, பாஸ்கலைக் கைவிட்டுவிட்டது. உங்கள் எடிட்டிங் மென்பொருள் அதற்கு மாறும் நாளில், 1060 வைத்திருப்பவர் பழைய பதிப்பிலேயே நின்றுவிட வேண்டியதுதான்.

கடைக்காரர் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 கார்டையும் எடுத்துக் காட்டலாம். விண்டோஸில் அதையும் 2023-இலேயே ஏஎம்டி பிரதான டிரைவரிலிருந்து பிரித்துவிட்டது. லினக்ஸில் மட்டும் பழைய ஏஎம்டி கார்டுகளுக்கு ஆயுசு கெட்டி. அங்கே டிரைவர் திறந்த மூலம் (யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய நிரல்) என்பதால் நிறுவனம் விட்டாலும் மற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

அப்புறம், எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தரும் பெட்டி. 1060-க்கு 120 வாட் வேண்டும், தனி பவர் கேபிளும் வேண்டும். 6 ஜிபி 3050-க்கு 70 வாட் போதும், பெரும்பாலான மாடல்கள் அதை மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் அறைக்குள் மணிக்கணக்கில் ரெண்டர் ஓடும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். 8 ஜிபி 3050 என்றால் கணக்கு வேறு, அதற்கு பவர் கேபிள் தேவை.

பழைய சிப்பின் பெயரை மாற்றி எழுதி விற்கும் போலி கார்டுகளும் சந்தையில் உண்டு. எதை வாங்கினாலும் கடையிலேயே மாட்டி, ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். சிப் பெயர் இருக்கும் வரியில் 6 ஜிபி 3050-க்கு ஜிஏ107 என்று வர வேண்டும். வந்தால், சீரியல் நம்பரோடு பில் போடச் சொல்லி வாங்குங்கள்.