புதுச்சேரி வீடுகளில் செய்யும் வெளிநாட்டுப் பண்டிகைப் பலகாரங்களில், முதல்முறை செய்பவருக்கு எது சரிப்படும்?

சாயோ, அதாவது அரிசி மாவுத் தாளில் (ரைஸ் பேப்பர்) கறிப் பூரணம் வைத்துச் சுருட்டிப் பொரிப்பது. யோசிக்காமல் சொல்வேன்.

கிறிஸ்துமஸ் என்றதும் எல்லோரும் விவிக்கம் கேக்கைத்தான் சொல்வார்கள். ரவை, வெண்ணெய், முட்டை, முந்திரி, ரம்மில் ஊறிய பழங்கள் என்று அதன் ருசியே தனிதான், மறுக்கவில்லை. ஆனால் பழத்தை முன்கூட்டியே ஊறப்போட வேண்டும், ஓவன் வேண்டும், சூடு பிசகினால் நடுவில் வேகாது. பழக்கம் இல்லாதவர்கள் பேக்கரியில் வாங்கிக்கொள்வது நல்லது.

சாயோ வியட்நாம் பண்டம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கிருந்து போலீஸ், ராணுவம், வரி வசூல் என்று வேலை பார்க்க அங்குள்ள சைகோன் (இன்றைய ஹோ சி மின் நகரம்) போன குடும்பங்கள் நிறைய. அங்கேயே பெண் கட்டியவர்களும் உண்டு. 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவை விட்டு வெளியேறிய சமயத்திலும், 1975-இல் சைகோன் வட வியட்நாம் படைகளிடம் விழுந்த சமயத்திலும் பலர் ஊர் திரும்பினார்கள். இந்தச் சமையலும் கூடவே வந்தது.

நான் கற்றுக்கொண்டது எங்கள் தெருவில் இருந்த ஒரு சைகோன் பாட்டியிடம். கால் கிலோ பன்றிக் கொத்துக்கறி, நூறு கிராம் பொடியாக நறுக்கிய இறால், ஐம்பது கிராம் கண்ணாடி நூடுல்ஸ் (பாசிப்பயறு மாவில் செய்வது, வெந்நீரில் ஊறவைத்து வெட்டிக்கொள்ளுங்கள்), துருவிய கேரட், வெங்காயம், ஒரு முட்டை, மிளகுத்தூள், உப்பு. அவ்வளவுதான் பூரணம். இஞ்சி பூண்டு விழுது, கரம் மசாலா பக்கம் கை போகும், போக விடாதீர்கள். பன்றி ஆகாது என்றால் கோழி, அல்லது முழுக்க இறால். கேரட்டையும் வெங்காயத்தையும் ஒட்டப் பிழிந்து சேருங்கள். பூரணத்தில் ஈரம் இருந்தால் எண்ணெயில் சுருள் வெடிக்கும்.

சூட்சுமம் எல்லாம் ரைஸ் பேப்பரில்தான். அப்பளம் போல விறைப்பாக இருக்கும் அந்தத் தாளைத் தண்ணீரில் ஊறவிடக் கூடாது. ஒரு முக்கு, உடனே எடுத்து ஈரத்துணி மேல் போட வேண்டும். தொட்டால் இன்னும் விறைப்பாகத்தான் இருக்கும். பொறுங்கள், துணி மேலேயே அரை நிமிடத்தில் இளகிவிடும். அப்போது ஒரு ஓரத்தில் விரல் நீளத்துக்குப் பூரணம் வைத்து ஒரு சுற்று சுற்றி, இரண்டு பக்கமும் உள்ளே மடித்து, மீதியைச் சுருட்டுங்கள். உள்ளே காற்று நிற்கக் கூடாது. அதே சமயம் இறுக்கிப் பிடித்தாலும் கிழியும். பாட்டி முக்கும் தண்ணீரில் துளி சர்க்கரை போடுவார், பொரித்தால் நல்ல பொன்னிறம் வரும் என்று.

எண்ணெய் புகையக் கூடாது. மிதமான சூட்டில், ஒன்றையொன்று தொடாமல் நாலைந்தாகப் போடுங்கள். முதல் இரண்டு நிமிடம் கரண்டி படவே வேண்டாம். ஒட்டிக்கொண்டால் தோல் உரிந்துவிடும். விருந்தாளி வருகிற நாளில் காலையிலேயே முக்கால் வேக்காட்டில் எடுத்துவைத்து, பரிமாறும் முன் இன்னொரு தரம் பொரித்தால் மொறுமொறுப்பு நிற்கும். கடையில் மைதாத் தாளில் சுற்றித் தருகிறார்களே, அது சமோசாவுக்குத் தம்பி. சாயோ அல்ல.

தொட்டுக்கொள்ள நுக்மாம், அதாவது நெத்திலியை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த மீன் சாறு. நம் கடலூர்ப் பக்கத்தில் கருவாட்டு வாசம் பழகிய மூக்குகள்கூட முதலில் கொஞ்சம் சுளிக்கும். அப்படியே ஊற்றிவிடாதீர்கள். ஒரு பங்கு நுக்மாமுக்கு ஒரு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு, நாலு பங்கு தண்ணீர், நசுக்கிய பூண்டு, நறுக்கிய மிளகாய் சேர்த்துக் கலக்கினால் அந்த வாடை அடங்கிவிடும். லெட்யூஸ் இலையில் சாயோவையும் இரண்டு புதினா இலையையும் வைத்துச் சுற்றி, இதில் முக்கிச் சாப்பிட வேண்டும். தக்காளி சாஸ் கேட்கும் பிள்ளைகளோடு மல்லுக்கட்ட வேண்டாம், கொடுத்துவிடுங்கள்.

இந்த அளவுக்கு இருபதுக்குக் குறையாமல் வரும். மறுநாளுக்கு மிஞ்சினால் மைக்ரோவேவ் வேண்டாம், தோல் சவசவ என்று ஆகிவிடும். தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் புரட்டி எடுங்கள்.