கைபேசிச் செயலியை நம்பி நிலத்தைப் பற்றி முடிவெடுக்கலாமா?

"நிலத்தின் தன்மையைக் கைபேசிச் செயலியிலேயே பார்த்து, எங்கே என்ன நடுவது என்று முடிவு செய்யலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம், ஆனால் மண்வெட்டியையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

செயலி தானாகக் காட்டியதை அப்படியே நம்பியதுதான் நான் முதலில் செய்த தவறு. நிலத்தில் நின்று இருப்பிடத்தைக் கொடுத்ததும் ஆழமான இருமண்பாடு (மணலும் வண்டலும் களியும் கலந்த மண்) என்று வந்தது. மரக்கன்றுகளுக்குக் குழி எடுத்தபோது, மேட்டுப் பகுதியில் 40 சென்டிமீட்டரிலேயே கடப்பாரை பாறையில் மோதியது. காரணம் பிறகுதான் புரிந்தது. தானாக வரும் இத்தகைய விவரங்கள் பெரும்பாலும் மண் வரைபடங்களிலிருந்து எடுக்கப்படுபவை. உலகம் முழுவதற்குமான சாயில்கிரிட்ஸ் வரைபடத்தில் ஒரு கட்டம் 250 மீட்டருக்கு 250 மீட்டர். ஏறக்குறைய 15 ஏக்கருக்கு ஒரே மதிப்பு என்றால், மேட்டையும் பள்ளத்தையும் அது எப்படிப் பிரித்துச் சொல்லும்?

அதன்பின் லேண்ட்பிகேஎஸ் செயலிக்கு மாறினேன். அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவு உருவாக்கிய இலவசச் செயலி அது. வரைபடம் சொல்வதோடு நின்றுவிடாமல், குழி தோண்டி ஒவ்வொரு அடுக்கையும் பார்த்துப் பதியச் சொல்கிறது. எனக்கு அதில் பிடித்ததே இதுதான். மண்ணின் நயத்தை, அதாவது அது மணலா களியா என்பதை, கையாலேயே அறியலாம். ஈர மண்ணைப் பிசைந்து, கட்டைவிரலால் நாடாபோல் தள்ளிப் பாருங்கள். உருண்டையே பிடிக்காவிட்டால் மணல். நாடா 2.5 செ.மீ. வருவதற்குள் ஒடிந்தால் இருமண்பாட்டு வகை, 5 செ.மீ. தாண்டியும் நின்றால் களி. இடைப்பட்டது களி கலந்த இருமண்பாடு. இரண்டு மூன்று நாள் பழகினால் விரலே சொல்லிவிடும்.

நான் பயன்படுத்திய பதிப்பில் நிலப்போர்வையை, அதாவது தரையை எது எவ்வளவு மூடியிருக்கிறது என்பதை, அளக்கும் முறையும் இருந்தது. ஒரு மீட்டர் கோலில் ஐந்து குறிகள் இட்டுக்கொள்ள வேண்டும். நடுவிலிருந்து நான்கு திசைகளிலும் 5, 10, 15, 20, 25 மீட்டரில் கோலை வைத்து, ஒவ்வொரு குறிக்கும் அடியில் செடியா, சருகா, வெறும் மண்ணா என்று பதிய வேண்டும். மொத்தம் நூறு புள்ளிகள் என்பதால் எண்ணிக்கையே விழுக்காடு. என் சரிவில் முதல் முறை 46 புள்ளிகள் வெறும் மண். மழைநீர் ஏன் செந்நிறமாக ஓடுகிறது என்பதற்கு அந்த ஓர் எண் போதுமானதாக இருந்தது. அங்கே உழவை நிறுத்தி, அறுவடைக் கழிவை அப்படியே விட்டேன். மறு ஆண்டு அதே மாதத்தில், அதே இடத்தில் எண்ணினால் 21. மாதம் மாறினால் ஒப்பீடே பொருளற்றுப் போகும், கவனம்.

சரிவை அளக்க, ஒரு நேரான பலகையைத் தரையில் சரிவின் போக்கில் கிடத்தி, அதன்மேல் கைபேசியை வைத்து அது காட்டும் சாய்வைக் குறித்துக்கொள்ளுங்கள். பாகையையும் விழுக்காட்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 10 விழுக்காடு என்பது 6 பாகைக்கும் குறைவு.

செயற்கைக்கோள் படம் காட்டும் செயலிகளும் உதவும். சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு மூலை வாடத் தொடங்கினால் தெரிந்துவிடும். பயிரின் பச்சை எது, களையின் பச்சை எது என்று நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். தழைச்சத்து, மணிச்சத்து அளவுக்கு மண் பரிசோதனைக் கூடம்தான். கைபேசி கேமரா அதைச் சொல்லாது. எல்லைத் தகராறுக்கும் கைபேசியை நம்பாதீர்கள். திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும்.

என் மேட்டில் மரம் வைக்கும் எண்ணத்தைக் கைவிட்டுப் புல் வளர்த்தேன். மரங்கள் மண் ஆழமான தாழ்வுப் பகுதிக்குப் போயின. நீங்களும் கன்று வாங்குவதற்கு முன்பே மேடு, சரிவு, பள்ளம் என மூன்று இடங்களில் ஒரு மீட்டர் ஆழம் தோண்டிப் பதிந்துவிடுங்கள். ஒருநாள் வேலைதான்.