'எனக்கு தெரிந்தேன்' ஏன் தப்பு?

பேரணாம்பட்டுல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. வீட்டுல உருது, இப்ப குரூப் 4க்கு படிச்சினு இருக்காங்க. 'எனக்கு அந்த விஷயம் தெரிந்தேன்'னு எழுதினத கோச்சிங் சென்டர்ல அடிச்சிட்டாங்களாம், காரணம் சொல்லலையாம்.

நான்னா வினையோட கடைசியில 'ஏன்' விகுதி வரும் ('வந்தேன்' மாதிரி), அது சரிம்மா. ஆனா 'எனக்கு'ன்னு கு உருபு ஒட்டின உடனே அது எழுவாய் இல்ல. உருபு எதுவும் ஒட்டாம நிக்குற பேர் எதுன்னு பாருங்க, இங்க அது 'விஷயம்', அஃறிணை ஒருமை, அதனால 'தெரிந்தது'. உங்க வீட்டுலயும் 'எனக்கு தெரியும்'ங்கறதுக்கு 'மேரேகூ மாலூம் ஹை'ன்னு தான சொல்றீங்க, நான்னா வர்ற 'ஹூ'வைப் போட்டு 'மேரேகூ மாலூம் ஹூ'ன்னு யாரும் சொல்றதில்லயே, ரெண்டும் ஒரே கணக்கு தான், இதை ஸ்கூல்லயே ஒரு டீச்சர் சொல்லியிருக்கலாம், விகுதிப் பட்டியலை மனப்பாடம் பண்ண வெச்சே பத்து வருஷத்தை ஓட்டிடறாங்க.

ஒரு இடம் மட்டும் நல்லா கவனிங்க. வீடியோ கால்ல 'எனக்கு நீங்க தெரியறீங்க'ன்னு சொல்றோம். 'நீங்க' உருபில்லாம நிக்குது, அதான் 'ஈங்க'. அதுவே 'எனக்கு உங்களைத் தெரியும்'னா, ஐ ஒட்டிடுச்சு, எழுவாயா நிக்க ஒரு பேர் கூட இல்ல, வினை 'தெரியும்'னு அப்படியே நின்னுடும். எனக்கு, உனக்கு, அவங்களுக்கு, யாரா இருந்தாலும் 'தெரியும்' தான். பிடிக்கும், வேணும் கூட இப்படித்தான்.

'முதல்ல வர்ற ஆளுக்கு விகுதி போடு'ன்னு சில சென்டர்ல ஷார்ட்கட் சொல்லித்தராங்க பாருங்க, நீங்க மாட்டினது அதுலதான்னு நினைக்கறேன். தமிழ்ல 'எனக்கு பிரியாணி பிடிக்கும்', 'பிரியாணி எனக்கு பிடிக்கும்' ரெண்டும் ஒண்ணுதான், யாரு என்னன்னு காட்றது உருபு, வார்த்தை நிக்குற இடம் இல்ல. அந்த ஷார்ட்கட்டை நோட்ஸா அடிச்சு காசுக்கு வேற விக்கறாங்க, வாங்காதீங்க. தமிழ்த் தகுதிப் பகுதியில 150க்கு 60 எடுக்கலன்னா மீதிப் பேப்பரைத் திருத்தவே மாட்டாங்க, அந்த பயத்தை வெச்சு 'நான் பாஸ் பண்ணி வைக்கறேன்'னு வர்ற புரோக்கருக்கு ஒத்தப் பைசா குடுக்காதீங்க, அட்டெண்டன்ஸ் ஷீட்ல இருக்கற கையெழுத்து உங்களோடது, நாளைக்கு பிரச்சனைன்னா மாட்டப்போறது நீங்க, அவன் இல்ல.

ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் அரசு தமிழ் புக் நெட்ல இலவசமா கிடைக்குது. ஒரு பக்கம் எடுத்து, ஒவ்வொரு வினைமுற்றோட விகுதியையும் வட்டம் போட்டு, அது எந்தப் பேரோட சேருதுன்னு கோடு இழுங்க. கோடு 'கு' ஒட்டின சொல்லுக்குப் போனா அதை அழிச்சிட்டு திரும்பத் தேடுங்க.