பிரஷர் குளிசை குடிப்பவருக்கு அதிமதுரம் ஒத்துவருமா?

அக்கரைப்பற்று வாசகி ஒருவரின் கேள்வி: "என்ட உம்மாவுக்கு 63 வயசு. கிளினிக்கில பிரஷருக்கு எனலாப்ரிலும், சலம் போறதுக்கு ஒரு குளிசையும் குடுக்கிறாங்க. ரெண்டு மாசமா வறட்டு இருமல். பக்கத்து வீட்டு மாமி சொல்லி மூணு கிழமையா ஒவ்வொரு நாளும் அதிமதுரம் அவிச்சுக் குடிக்கிறா. இப்ப கால் வீங்கியிருக்கு. தொடர்ந்து குடுக்கலாமா?"

வேண்டாம் மகள், இன்றைக்கே நிறுத்துங்கள். ஆனால் பிரஷர் குளிசையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

அதிமதுரம் நல்ல மருந்துதான். தொண்டைக் கரகரப்புக்கும் இருமலுக்கும் சித்த வைத்தியத்தில் காலங்காலமாகக் கொடுத்து வருகிறோம். வேரை ஒரு துண்டு வாயில் அடக்கினால் முதலில் இனிப்பு ஊறும், பிறகு அடித்தொண்டையில் வழுவழுப்பு படரும், கரகரப்பு அடங்கும். வயிற்றுப் புண்ணுக்குக் கொடுத்த கார்பெனாக்சலோன் என்ற ஆங்கில மருந்தும் இந்த வேரிலிருந்து வந்ததே.

தீங்கு செய்வதும் அந்த இனிப்புத்தான். அதன் பெயர் கிளிசிரைசின். உடலில் கார்டிசோல் என்ற ஹார்மோனைச் சிறுநீரகத்துக்குள் செயலிழக்கச் செய்யும் நொதி ஒன்று உண்டு. கிளிசிரைசின் அதைத் தடுத்துவிடுகிறது. அப்போது சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும். பிரஷர் ஏறும், கால் வீங்கும், தசை சோரும், இதயத் துடிப்புக்கூடத் தாறுமாறாகலாம். சலம் போகும் குளிசைகளில் பலவும் பொட்டாசியத்தை இறக்குபவை. அதோடு கருவாடும் ஊறுகாயும் தினமும் சோற்றில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

தொடர்ந்து எடுப்பவர் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினைத் தாண்டக்கூடாது என ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு விஞ்ஞானக் குழு 2003இல் அறிவுறுத்தியது. வேரில் 5 சதவீதம் இருந்தால் 2 கிராமிலேயே அந்த அளவு வந்துவிடும். வேருக்கு வேர் இது மாறுவதால் கண்மட்டத்தில் அளந்து அவிப்பது சரிவராது.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. எனலாப்ரில் வகைக் குளிசைகளுக்கு வறட்டு இருமல் நன்கு தெரிந்த பக்கவிளைவு. உம்மாவின் இருமல் அதனால் வந்ததென்றால் எந்தக் கசாயத்துக்கும் அடங்காது. கிளினிக்கில் சொன்னால் லொசார்டன் போன்ற வேறு குளிசைக்கு மாற்றித் தருவார்கள்.

அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் நாளைக்கே கூட்டிப் போங்கள். பிரஷரையும் இரத்தத்தில் பொட்டாசியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கசாயம் குடித்ததை மறைக்க வேண்டாம், மிச்ச வேரையும் காட்டுங்கள். நிறுத்திய பிறகும் அதன் பாதிப்பு ஒன்றிரண்டு கிழமை நீடிக்கலாம். படுத்தால் மூச்சு முட்டுதல், நெஞ்சு படபடப்பு, எழும்ப முடியாத சோர்வு, இதில் எது வந்தாலும் இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வேறு வருத்தம் இல்லாத, மருந்து குடிக்காத பெரியவர்கள் தொண்டை நோவுக்கு நாலைந்து நாள் சிறு துண்டு மெல்லலாம், கசாயத்தால் கொப்பளித்துத் துப்பலாம். கர்ப்பிணிகளுக்கும், இதய, சிறுநீரக வருத்தக்காரருக்கும் வேண்டாம். இருமல் பாணி, பாக்கெட் மூலிகைப் பானம் வாங்கும்போதும் உறையைப் பாருங்கள். அதிமதுரம் 'வெல்மி' என்ற சிங்களப் பெயரிலும் இருக்கும்.